ஞாபகம் வந்து சேருவதற்குள்

சாக்லேட் அகார் என்றொரு தட்டு எங்கள் ஆய்வகத்தில் உண்டு. சாக்லேட்டுக்கும் அதற்கும் நிறத்தைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. ரத்தத்தைப் பதமாகச் சூடாக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து பழுப்பாகிவிடும். அதை அகாரில் கலந்து ஊற்றி உறைய வைத்தது அது. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே பி, சுருக்கமாக ஹிப், என்ற பாக்டீரியா அதில்தான் ஒழுங்காக வளரும். சாதாரண ஆட்டு ரத்தத் தட்டில் அதற்கு வேண்டிய இரண்டு சத்துகளில் ஒன்று போதாது. பக்கத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் வளர்ந்திருந்தால், அது கசியவிடுவதை எடுத்துக்கொண்டு அதன் ஓரமாக மட்டும் பொடிப்பொடியாக முளைக்கும்.

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் என் வயதொத்த டெக்னீஷியன்களுக்கு மறக்க முடியாத தட்டு அது. கைக்குழந்தையின் தண்டுவட நீர் கலங்கலாக வந்து சேரும். கிராம் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், சீழணுக்களுக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள். போனை எடுத்து வார்டுக்குச் சொல்லுவோம். மறுநாள் தட்டில் சாம்பல் நிறப் புள்ளிகள். பல நேரம் அந்தப் புள்ளிகள் முளைப்பதற்குள் வார்டில் கதை முடிந்திருக்கும். பிழைத்த பிள்ளைகளிலும் சிலருக்குக் காது போய்விடும்.

இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளில் பலர் ஹிப்பைத் தரக்கட்டுப்பாட்டு மாதிரியில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் ஹிப்பையும் சேர்த்து ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி வந்தது. இந்தியாவில் முதலில் தொடங்கிய மாநிலங்கள் இவை இரண்டும்தான். அதற்குப் பிறகு எங்கள் தட்டுகள் மெல்ல மெல்லக் காலியாயின.

"இந்த ஊசி எத்தனை வருஷம் தாங்கும்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். உறவுக்காரர்கள் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். அம்மை ஊசி என்றால் பதில் சுலபம். ஹிப், நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், டைஃபாய்டு மாதிரி ரத்தத்துக்குள் பாய்கிற பாக்டீரியா என்றால் பதில் அத்தனை சுலபமில்லை. உலகத்திலேயே கெட்டிக்கார ஆட்கள் இந்தக் கேள்வியில் தடுமாறியிருக்கிறார்கள். அந்தத் தடுமாற்றத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இந்தக் கிருமிகளின் சுபாவம். இவற்றில் டைஃபாய்டைத் தவிர்த்த மூன்றும் நம் தொண்டையிலும் மூக்கின் பின்புறத்திலும் குடியிருப்பவை. பெரும்பாலான நாள் ஒரு தொந்தரவும் செய்யாது. எப்போதாவது ஒருமுறை, யாரோ ஒருவருக்கு, சளிச்சவ்வைத் தாண்டி ரத்தத்தில் இறங்கிவிடும். அங்கிருந்து மூளை உறைக்குப் போகும். இறங்கிவிட்டால் அதற்கு நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். மெனிங்கோகாக்கஸில் காலையில் காய்ச்சல் என்று தொடங்கி இரவுக்குள் இறந்துபோன பிள்ளைகள் உண்டு.

ரத்தத்தில் அது தப்பிப் பிழைக்கக் காரணம் மேலே போர்த்தியிருக்கிற சர்க்கரைச் சங்கிலி உறை. வெள்ளையணுக்கள் பிடிக்க வந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்த உறையின் மேல் ஆன்டிபாடி, அதாவது கிருமியை அடையாளம் காண நம் உடம்பு செய்யும் புரதம், ஒட்டிக்கொண்டால்தான் பிடி கிடைக்கும். அப்படியானால் உறையையே பிரித்தெடுத்து ஊசியாகப் போடலாமே?

போட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் சூ ஃபால்ஸ் ராணுவப் பள்ளியில் நிமோனியா ஓயாமல் வந்துகொண்டிருந்தது. காலின் மெக்லாய்டும் மைக்கேல் ஹைடல்பெர்கரும் மற்றவர்களும் சேர்ந்து நான்கு வகை நியூமோகாக்கஸின் உறைச் சர்க்கரையைப் பாதிப் பேருக்குப் போட்டார்கள். போட்டவர்களுக்கு அந்த நான்கு வகை நிமோனியா ஏறக்குறைய நின்றது. போடாத பாதிப் பேரிடமும் அந்த வகைகள் குறைந்தன. 1945-ல் எழுதிய அந்தக் கட்டுரையிலேயே பின்னாளில் வரப்போகும் பெரிய விஷயம் ஒளிந்திருந்தது. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பெனிசிலின் வந்துவிட்டது, ஊசி எதற்கு என்று மருத்துவர்கள் ஒதுக்கினார்கள். தயாரித்த கம்பெனியும் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற ஒரு மருத்துவர் மட்டும் விடவில்லை. புரூக்ளினில் கிங்ஸ் கவுண்டி மருத்துவமனையில் ரத்தத்தில் நியூமோகாக்கஸ் இறங்கிய நோயாளிகளை வருடக்கணக்காக எண்ணிக்கொண்டே இருந்தார். 1964-ல் அவரும் ஜெரோம் கோல்டும் வெளியிட்ட கணக்கு பலரைத் தூக்கிவாரிப்போட்டது. நோய் தொடங்கி முதல் ஐந்து நாளைக்குள் இறக்க இருந்தவர்களைப் பெனிசிலினாலும் காப்பாற்ற முடியவில்லை. மருந்து கைக்கு வரும்போது சேதம் முடிந்துவிட்டிருந்தது. அதன் பிறகுதான் அவர் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார். 1911-லேயே ஆல்ம்ராத் ரைட் தன் நியூமோகாக்கஸ் ஊசியைப் பரிசோதித்ததும் அந்தச் சுரங்கத் தொழிலாளிகளிடம்தான். தூர தேசங்களிலிருந்து கொண்டுவந்து நெருக்கி அடைத்த ஆட்கள். நிமோனியா அங்கே கொத்துக் கொத்தாய் அள்ளிக்கொண்டு போகும். ஊசி ஆராய்ச்சியின் வரலாற்றில் இப்படி ஏழைக் கூலிகளின் உடம்பு எத்தனை இடத்தில் வருகிறது என்று யாராவது தனியாக எழுத வேண்டும். ஆஸ்ட்ரியனின் உழைப்பில் 1977-ல் 14 வகை ஊசியும், 1983-ல் 23 வகை ஊசியும் வந்தன.

பெரியவர்களுக்குச் சரி. யாருக்கு மிகவும் தேவையோ அந்தக் கைக்குழந்தைகளுக்கு அது வேலை செய்யவில்லை. 1974-ல் ஃபின்லாந்தில் மூன்று மாதம் முதல் ஐந்து வயது வரையான ஏறக்குறைய ஒரு லட்சம் குழந்தைகளில் பாதிக்கு ஹிப் சர்க்கரை ஊசி போட்டார்கள். ஒன்றரை வயதைத் தாண்டியவர்களுக்கு நல்ல பாதுகாப்பு. அதற்குக் கீழே, ஹிப் அதிகம் கொல்லும் வயதில், ஒன்றுமே இல்லை.

காரணம் இதுதான். வெறும் சர்க்கரையைப் பார்த்தால், ஆன்டிபாடி செய்யும் வெள்ளையணுக்களான பி செல்கள் தாமாகவே கொஞ்சம் ஆன்டிபாடி செய்துவிட்டு ஓய்ந்துவிடும். அவற்றுக்கு உதவும் டி செல்கள் எட்டிக்கூடப் பார்க்காது, ஏனென்றால் டி செல்களுக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் புரதத் துண்டுகள்தான். டி செல்லின் உதவி இல்லையென்றால் ஆன்டிபாடியின் தரம் கூடாது, கிருமியை ஞாபகம் வைத்திருக்கும் நினைவுச் செல்களும் உருவாகாது. இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கொஞ்சம் ஆன்டிபாடியே சரியாக வராது. இன்னொரு கெடுதலும் உண்டு. வெறும் சர்க்கரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் இருக்கிற நினைவுச் செல்களும் கரைகின்றன. அடுத்த தவணைக்கு உடம்பு முன்னைவிடக் குறைவாகவே பதில் சொல்லும்.

இதற்கு வழி 1929-லிருந்தே நூலகத்தில் கிடந்தது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிலையத்தில் ஆஸ்வால்ட் ஏவரியும் வால்தர் கோபலும் சர்க்கரையைப் புரதத்தோடு வேதிப் பிணைப்பால் கட்டி முயலுக்குப் போட்டிருந்தார்கள். கட்டினால் முயல் சர்க்கரைக்கு எதிராக நன்றாக ஆன்டிபாடி செய்தது. கட்டாமல் போட்டால் செய்யவில்லை. அரை நூற்றாண்டு கழித்து மேரிலாந்தில் ரேச்சல் ஷ்னீர்சனும் ஜான் ராபின்ஸும், ராச்செஸ்டரில் போர்ட்டர் ஆண்டர்சனும் டேவிட் ஸ்மித்தும் அந்தப் பழைய யோசனையை ஹிப்புக்குக் கொண்டுவந்தார்கள். பி செல் சர்க்கரையைப் பிடித்து விழுங்கும்போது கூடவே டெட்டனஸ் அல்லது டிப்தீரியாப் புரதமும் உள்ளே போகும். அந்தப் புரதத்தின் துண்டை அது டி செல்லுக்குக் காட்டும். டி செல் புரதத்துக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு சர்க்கரைக்கான பி செல்லை வளர்த்துவிடும். உடம்பை இத்தனை சாமர்த்தியமாக ஏமாற்றிய வித்தை வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. இப்படிக் கட்டிச் செய்வதுதான் கான்ஜுகேட் ஊசி. 1987-ல் அமெரிக்காவில் முதல் கான்ஜுகேட் ஊசி அனுமதி பெற்றது. 1990-ல் இரண்டு மாதக் குழந்தைக்கும் போடலாம் என்றானது. அதுவரை அங்கே வருடத்துக்குச் சுமார் 20,000 குழந்தைகளைப் பிடித்த ஹிப் நோய் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

இங்கே நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. பாடப்புத்தகங்கள் இங்கேதான் நிறுத்துகின்றன. எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம்.

பிரிட்டன் 1992-ல் ஹிப் ஊசியைத் தொடங்கியது. இரண்டு, மூன்று, நான்கு மாதங்களில் மூன்று தவணை. அமெரிக்கா மாதிரி ஒரு வயதுக்கு மேல் நான்காவது பூஸ்டர் கிடையாது. தேவையில்லை என்று நினைத்தார்கள். நினைவுச் செல் உருவாகிவிட்டது. ரத்தத்தில் ஆன்டிபாடி குறைந்தாலும் கிருமி வரும்போது நினைவு விழித்துக்கொள்ளும் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நோயும் மளமளவென்று இறங்கி, 1998 வாக்கில் இல்லை என்றே சொல்லும் நிலைக்கு வந்தது. 1999-லிருந்து எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது. 2002-க்குள் பல மடங்கு. நோய் வந்தவர்களில் மிகப் பலர் மூன்று தவணையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்ட பிள்ளைகள். அட்டையில் எல்லாக் கட்டத்திலும் முத்திரை, படுக்கையில் ஹிப்.

என்ன நடந்தது? ஒன்றன் மேல் ஒன்றாக நாலைந்து காரணங்கள். 1992-ல் தொடங்கியபோது ஒரு வயது முதல் நான்கு வயது வரை இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வீச்சில் ஒரு தவணை போட்டிருந்தார்கள். பெரிய வயதில் ஊசி வாங்கிய அந்தப் பிள்ளைகளுக்கு ஆன்டிபாடி நன்றாகத் தங்கியது. தொண்டையிலிருந்தும் கிருமி ஒழிந்தது. அதனால் குட்டிக் குழந்தைகளுக்கு வேறு யாரிடமிருந்தும் கிருமி வர வழியில்லை. முதல் சில வருட வெற்றியில் பெரும்பங்கு இந்த அண்ணன்களும் அக்காக்களும் சம்பாதித்துக் கொடுத்தது. அவர்கள் வளர்ந்து அந்த வயதைத் தாண்டினார்கள். அடுத்து வந்த பிள்ளைகள் எல்லாம் கைக்குழந்தைத் தவணைகள் மட்டும் பெற்றவர்கள். அவர்களின் ஆன்டிபாடி ஒரு வயதுக்குள்ளேயே இறங்கியிருந்தது. இதற்கு நடுவில் 2000-2001 வாக்கில் தட்டுப்பாடு வந்து, வேறு வகைக் கக்குவான் பாகம் சேர்ந்த கூட்டு ஊசியைப் போட்டார்கள். அதில் ஹிப்புக்கான பதில் இன்னும் குறைவு. பாதுகாப்பு எங்கெல்லாம் மெலிந்திருந்ததோ அங்கெல்லாம் கிருமி திரும்பவும் உள்ளே வந்துவிட்டது.

நினைவு என்ன ஆனது? நினைவு இருந்தது. விழித்தும் கொண்டது. விழித்து, பெருகி, ஆன்டிபாடியை ரத்தத்தில் கொட்டுவதற்கு நான்கைந்து நாளாவது ஆகும். கிருமிக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. ஹெபடைட்டிஸ் பி மாதிரி வாரக்கணக்கில் அடைகாத்து வரும் வைரஸுக்கு இந்த நினைவு போதும், பொறுமையாக எழுந்து வந்து ஆளைப் பிடித்துவிடும். ஹிப்பும் மெனிங்கோகாக்கஸும் ரத்தத்தில் இறங்கிய அந்த நிமிடத்தில் அங்கே ஆன்டிபாடி ஏற்கெனவே இருக்க வேண்டும். ஆஸ்ட்ரியன் 1964-ல் மருந்தைப் பற்றிச் சொன்னதையே இது உடம்பின் நினைவைப் பற்றியும் சொன்னது: தாமதமாக வருகிற நல்லதால் பயனில்லை.

2003-ல் பிரிட்டன் அவசர அவசரமாக ஆறு மாதம் முதல் நான்கு வயது வரை எல்லாருக்கும் பூஸ்டர் போட்டது. 2006-ல் அதை ஒரு வயதுத் தவணையாக நிரந்தரமாக்கினார்கள்.

மெனிங்கோகாக்கஸின் சி வகைக்கான ஊசியிலும் இதே பாடத்தை அவர்கள் திரும்பப் படித்தார்கள். 1999 நவம்பரில் உலகத்தில் முதன்முதலில் அதை நாடு முழுக்கத் தொடங்கியது பிரிட்டன்தான். இரண்டு, மூன்று, நான்கு மாதத்தில் போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பாதுகாப்பு ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. நாட்டில் நோய் மட்டும் திரும்பி வரவில்லை. ஏன் என்றால், தொடக்கத்திலேயே 18 வயது வரை எல்லாருக்கும் போட்டுவிட்டிருந்தார்கள். இந்தக் கிருமியின் பிரதான வீடு டீனேஜர்களின் தொண்டை. பதினைந்து முதல் பதினேழு வயதுக்காரர்களின் தொண்டையில் சி வகை ஒரே வருடத்தில் 66 சதவீதம் குறைந்தது. ஊசி போடாதவர்களிடமும் நோய் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையை அதன் சொந்த ரத்தம் காப்பாற்றவில்லை. பஸ் ஸ்டாப்பில் கூட்டமாக நின்று கத்திக்கொண்டிருக்கும் பெரிய பிள்ளைகளின் சுத்தமான தொண்டைதான் காப்பாற்றியது. இதைப் புரிந்துகொண்ட பிறகு பிரிட்டன் அட்டவணையையே திருப்பிப் போட்டது. 2013-ல் டீனேஜருக்கு பூஸ்டர் கொண்டுவந்தார்கள், 2015-ல் அதை நான்கு வகை ஊசியாக மாற்றினார்கள். 2016-ல் கைக்குழந்தைக்கான சி தவணையையே எடுத்துவிட்டார்கள்.

குழந்தைகளுக்கு ஏன் ஆன்டிபாடி இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது? ஆன்டிபாடி என்பது ரத்தத்தில் சில வாரங்கள் மட்டும் இருக்கும் புரதம். நீடித்து இருக்க வேண்டுமென்றால் யாராவது அதை ஓயாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை எலும்பு மஜ்ஜையில் போய்க் குடியேறும் பிளாஸ்மா செல்களுடையது. அவற்றுக்கு அங்கே இடமும் ஊட்டமும் கிடைத்தால் வருடக்கணக்கில், சில சமயம் ஆயுள் முழுக்கச் சுரக்கும். சில மாதக் குழந்தையின் மஜ்ஜை இந்தக் குடித்தனக்காரர்களை நீடித்து வைத்துக்கொள்ளும் பக்குவத்துக்கு இன்னும் வரவில்லை. ஒரு மாத இடைவெளியில் அடுத்தடுத்துப் போடுகிற தவணைகளில் பி செல்கள் தரம் கூட்டிக்கொள்ளவும் நேரம் போதாது. ஒரு வயதை ஒட்டிப் போடுகிற தவணை பெறுமானமுள்ளதாக இருப்பதற்கு இதெல்லாம் காரணம்.

இங்கே எனக்கு நெடுநாளாக ஓர் உறுத்தல். நம் தேசிய அட்டவணையில் பென்டாவேலன்ட் 6, 10, 14 வாரங்களில்தான். ஒன்றரை வயதில் வரும் பூஸ்டர் முத்தடுப்பு மட்டும், அதில் ஹிப் கிடையாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அட்டவணையில் ஹிப் பூஸ்டர் உண்டு, அதனால் தனியாரில் போடும் பிள்ளைக்குக் கிடைக்கிறது. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் பிள்ளைக்குக் கிடையாது. அப்படியானால் பிரிட்டனுக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை?

காம்பியா இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1997-ல் அந்தச் சின்ன நாடு பூஸ்டர் இல்லாத மூன்று தவணையைத்தான் தொடங்கியது. முன்பு ஒரு வயதுக்குள் லட்சத்துக்கு 200-க்கு மேல் ஹிப் மூளைக்காய்ச்சல் வந்த இடத்தில் 2002-ல் ஒன்றுகூட இல்லை. கிருமி ஊருக்குள் கொஞ்சமாவது உலவும்போது, ஊசி போட்ட பிள்ளையின் தொண்டையை அது எப்போதாவது தொட்டுப் போகும். அந்தத் தொடுதலே ஒரு பூஸ்டர். நோய் வராது, ஆன்டிபாடி ஏறும். இதன் மறுபக்கத்தையும் பிரிட்டனில் பார்த்தார்கள். ஊசி வந்து தொண்டைகள் சுத்தமான பிறகு, ஊசியே போடாத பெரியவர்களின் ரத்தத்திலும் ஹிப் ஆன்டிபாடி இறங்கியிருந்தது. அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த நினைவூட்டல் நின்றுபோயிற்று. அதாவது ஊசியின் வெற்றியே அதன் நீடிப்பைத் தின்கிறது. நம் ஊரில் இன்று தொண்டைகள் எவ்வளவு சுத்தமாகியிருக்கின்றனவோ அந்த அளவுக்கு பூஸ்டர் கேள்வி நெருங்கி வந்துகொண்டிருக்கிறது என்பது என் கருத்து. நியூமோகாக்கஸ் ஊசியில் நாம் இதைச் சரியாகச் செய்திருக்கிறோம். 6 வாரம், 14 வாரம், பிறகு 9 மாதத்தில் பூஸ்டர். மூன்றாவதுதானே, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று அந்த ஒன்பதாம் மாத ஊசியைத் தள்ளிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. மூன்றில் நெடுநாள் தாங்குவது அதுதான்.

தொண்டையைக் குறிவைத்துச் செய்த ஊசி என்றால் மென்ஆஃப்ரிவாக்கைச் சொல்ல வேண்டும். செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் ஆப்பிரிக்க மூளைக்காய்ச்சல் பட்டையில் 1996-97-ல் இரண்டரை லட்சம் பேருக்கு நோய், 25,000 பேர் மரணம். பெரும்பாலும் மெனிங்கோகாக்கஸின் ஏ வகை. வெறும் சர்க்கரை ஊசி கையில் இருந்தது. கொள்ளை தொடங்கிய பின் ஓடி ஓடிப் போடுவார்கள், இரண்டு மூன்று வருடத்தில் அது கரைந்துவிடும், அடுத்த கொள்ளைக்கு மறுபடி ஓட்டம். 2001-ல் மார்க் லாஃபோர்ஸ் தலைமையில் தொடங்கிய திட்டத்திடம் ஆப்பிரிக்க அதிகாரிகள் சொன்னது, ஊசி ஒன்று அரை டாலருக்கு மேல் போனால் எங்களால் முடியாது என்று. பெரிய கம்பெனிகள் வரவில்லை. கடைசியில் உறைச் சர்க்கரை ஆம்ஸ்டர்டாமிலிருந்து, கட்டும் நுட்பம் அமெரிக்க அரசின் ஆய்வகத்திலிருந்து, டெட்டனஸ் புரதமும் தயாரிப்பும் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட்டில் என்று கூட்டுச் சேர்த்து, 40 சென்ட்டுக்கு ஊசி செய்தார்கள். 2010 டிசம்பர் 6 அன்று புர்கினா ஃபாஸோவில் தொடங்கியது. ஒரே தவணை, ஒரு வயது முதல் 29 வயது வரை எல்லாருக்கும்.

சாட் நாட்டில் எடுத்த தொண்டைக் கணக்கு என்னைப் போன்ற தட்டுக்காரர்களுக்குப் பிடித்தமானது. ஊசிக்கு முன் 4278 பேரின் தொண்டையைத் துடைத்துப் பார்த்ததில் 32 பேரிடம் ஏ வகை. ஊசிக்குப் பின் 5001 பேரில் ஒரே ஒருவரிடம். ஊசி போட்ட பகுதிகளில் மூளைக்காய்ச்சல் மற்ற பகுதிகளைவிட 94 சதவீதம் குறைவு. கொல்லும் வெயிலில், ஐஸ் பெட்டி போகாத கிராமங்களுக்கு, 40 டிகிரி வரை நான்கு நாள் வெளியில் வைத்துப் போடவும் 2012-ல் அனுமதி வாங்கினார்கள். 2017-க்குப் பிறகு அந்தப் பட்டையில் ஏ வகை தென்படவேயில்லை. சி, டபிள்யூ, எக்ஸ் என்று மற்ற வகைகள் கிளம்பியதும் அதே புனேயிலிருந்து ஐந்து வகை ஊசி வந்தது. 2024 ஏப்ரலில் நைஜீரியா முதலில் போட்டது.

பி வகை மெனிங்கோகாக்கஸ் தனி ரகம். அதன் உறைச் சர்க்கரை நம் நரம்புச் செல்களின் மேல் இருக்கும் சர்க்கரையைப் போலவே இருப்பதால் உடம்பு அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. ரினோ ரப்புவோலியின் குழு கிருமியின் மரபணு முழுவதையும் படித்து, அதிலிருந்து புரதங்களைப் பொறுக்கி ஊசி செய்தது. 2015-ல் பிரிட்டன் அதைக் குழந்தைகளுக்குத் தொடங்கியது. போட்டவரைக் காக்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 35,000 பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்ததில் தொண்டையில் ஒரு மாற்றமும் இல்லை. அங்கே இரவல் பாதுகாப்பு கிடையாது. அவரவர் ஊசி அவரவருக்கு.

நியூமோகாக்கஸில் சிக்கல் வேறு. அதற்கு நூறு வகை உறைகள் இருக்கின்றன. 2000-ல் அமெரிக்காவில் ஏழு வகைக்கு ஊசி வந்தது. அந்த ஏழும் ஒழிந்தன. காலியான தொண்டையில் 19ஏ என்ற வகை குடியேறி, அதிலும் மருந்துக்கு அடங்காத வம்சமாகப் பெருகியது. 2010-ல் 13 வகை, பிறகு 15, 20, 21 என்று துரத்திக்கொண்டே போகிறார்கள். இங்கே உடம்பில் ஆன்டிபாடி அப்படியே இருக்கும், எதிரிதான் சட்டையை மாற்றிக்கொண்டு வருவான். 2020-ல் புனேயிலிருந்து வந்த பத்து வகை ஊசியில் 6ஏ, 19ஏ இரண்டும் முதலிலேயே சேர்ந்திருக்கின்றன. தாமதமாக வந்ததில் நமக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

கடைசியாக, நம் ஊர்க் கிருமி. டைஃபாய்டு என்றால் வைடால் என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுக்கிற பழக்கம் நம்மை விட்டுப் போகவே போகாது. என் மேஜையைத் தாண்டிப் போன வைடால் பாசிட்டிவ்களில் எத்தனை நிஜ டைஃபாய்டு என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். ரத்தத்தை பாட்டிலில் இட்டு வளர்த்துப் பார்ப்பதுதான் நிச்சயம், அதுவும் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால். 2017 முதல் 2020 வரை வேலூர் சிஎம்சி ஒருங்கிணைத்த ஆய்வில் டெல்லி, கொல்கத்தா, புனே, வேலூர் பகுதிகளில் சுமார் 24,000 குழந்தைகளை வாராவாரம் விசாரித்து, காய்ச்சல் என்றால் ரத்தம் வளர்த்துப் பார்த்தார்கள். நகரக் குழந்தைகளில் ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 576 முதல் 1173 பேருக்கு டைஃபாய்டு. புனேயை ஒட்டிய கிராமத்தில் 35 மட்டும்.

இதற்கும் கான்ஜுகேட் ஊசி உண்டு. ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் டைப்பார் டிசிவி 2013-ல் இந்திய அனுமதியும், 2017 கடைசியில் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதியும் பெற்றது. முதல் ஓரிரு வருடக் கணக்கில் நேபாளம், மலாவி, வங்கதேசம் மூன்றிலும் 80 சதவீதத்தை ஒட்டிய பாதுகாப்பு. நெடுநாள் கணக்குகள் 2024-ல் வந்தன. மலாவியில் நான்கு வருடம் தாண்டியும் 78 சதவீதம். அதே ஊசி, வங்கதேசத்தில் மூன்று முதல் ஐந்து வருடத்தில் பாதியாகிவிட்டது. இரண்டு வயதுக்குள் போட்டுக்கொண்ட குழந்தைகளிடம் 24 சதவீதம்தான். மலாவிக் குட்டிகளுக்கு எழுபது நின்றது, டாக்காக் குட்டிகளுக்கு நிற்கவில்லை. இரண்டு ஆய்வுகளின் அமைப்பும் ஒன்றல்ல என்பதால் ஒன்றோடு ஒன்றை நேராக வைத்து ஒப்பிடுவதிலும் சங்கடம் உண்டு. டாக்காவில் கிருமி அடர்த்தி அதிகம், தண்ணீரோடு உள்ளே போகும் அளவும் அதிகமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

வேலூர்த் தெருக்களும் சென்னையின் குடிசைப் பகுதிகளும் எதற்குப் பக்கத்தில் இருக்கின்றன, மலாவிக்கா டாக்காவுக்கா என்று கேட்டால் நான் டாக்கா என்றுதான் சொல்லுவேன். அதனால் நம் அட்டவணையில் இந்த ஊசியைச் சேர்க்கும்போது ஒன்பது மாதத்தில் ஒன்று போட்டோம், முடிந்தது என்று விடக்கூடாது. பள்ளி சேரும் வயதில் இன்னொன்றுக்கு இடம் வைத்துத் தொடங்க வேண்டும். கூடவே, போட்ட பிறகு ஐந்து வருடம், பத்து வருடம் ரத்த வளர்ப்புக் கணக்கை விடாமல் எழுதுகிற ஆய்வகங்களும் வேண்டும். பிரிட்டனில் ஹிப் திரும்பி வந்தது 1999-லேயே தெரிந்ததற்குக் காரணம் ஊசி அல்ல, அங்கே ஒவ்வொரு தட்டையும் எண்ணிக்கொண்டிருந்த ஆட்கள். நம் மாவட்ட மருத்துவமனைகளில் பாதிப் பிள்ளைகளுக்கு, தண்டுவட நீர் எடுப்பதற்கு முன்பே மூன்று தவணை செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் போய்விட்டிருக்கிறது. தட்டில் ஒன்றும் முளைக்காது. "வளர்ச்சி இல்லை" என்று அறிக்கையில் எழுதுவோம். அது நோய் இல்லாததால் முளைக்கவில்லையா, மருந்தால் முளைக்கவில்லையா என்று அந்தத் தாளைப் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. கிருமியின் மரபணுவைத் தேடிப் பார்க்கும் பிசிஆர் வைத்திருக்கிற இடங்களில் பதில் கிடைக்கும். அந்த இடங்கள் இன்னும் மிகக் குறைவு.